ஊசி போட்டுக்கொண்டு அடித்துக்கொள்ளுங்கள்

இந்த யோசனை எனக்குத் தோன்றியபோது அதை யாரிடமும் சொல்ல முடியாமல் என் வாய் பூட்டிக் கிடந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டு, கழுத்து மரக்கட்டையாகி, ஆஸ்பத்திரியின் இருட்டறை ஒன்றில் மல்லாந்து கிடந்தேன். டாக்டரம்மா என் கட்டிலருகே நின்று அம்மாவை அடிக்குரலில் திட்டிக்கொண்டிருந்தார். திட்டுக்கு நடுவே ஒரு வாக்கியம் வந்தது.

"காயம் படறதுக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டுக்கிட்டிருந்தா இந்த வியாதி கிட்டவே வந்திருக்காது. கேட்டு வாங்கிப் போட்டுக்க யார் வர்றீங்க?"

அவ்வளவுதான், எனக்குப் பளிச்சென்று ஆகிவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் அடித்துக்கொள்வதை என்னால் நிறுத்த முடியாது. போலீஸாலும் முடியவில்லை, பெரியவர்களாலும் முடியவில்லை. சரி, அடித்துக்கொள்ளட்டும். ஊசி போட்டுக்கொண்டு அடித்துக்கொள்ளட்டுமே! இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கப் பார்த்தேன். அந்த முயற்சிக்கே உடம்பு வில்லாக வளைந்தது. யோசனை உள்ளேயே தங்கிவிட்டது. இப்போது வாய் திறக்கிறது, கையும் எழுதுகிறது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரன். வீட்டில் இரண்டு தறி. அப்பாவும் அண்ணன் ஏகாம்பரமும் நெய்கிறார்கள். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு டுடோரியல் காலேஜில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் சங்கம் ஆரம்பிக்கிறேன். வாசகர் சங்கம், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிச் சங்கம், கொசு ஒழிப்புச் சங்கம். எதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. "அடுத்து இன்னா சங்கம்டா?" என்று அண்ணன் தறியில் உட்கார்ந்தபடியே கேட்பான். அவன் ஆரம்பித்த சங்கம் எதுவும் இல்லை, ஆனால் தெருக்கோடி அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டியில் அவன்தான் முன்னணி.

சண்டையின் காரணத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அம்மன் ஊர்வலம் போகிற வழியில், அடுத்த தெருத் திருப்பத்தில், ஒரு மசூதி இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக, மசூதி வருவதற்குச் சற்று முன்னால் நாயனக்காரர் வாசிக்கிற உருப்படியை முடித்துவிடுவார். நாயனத்தின் வாயிலிருந்து சீவாளியை எடுத்துத் துடைப்பார். தவில்காரர் துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு யாரிடமாவது சோடா வாங்கிக் குடிப்பார். மசூதியைத் தாண்டிப் புளியமரம் வந்ததும் அடுத்த உருப்படி ஆரம்பமாகும். யாரும் யாரையும் நிறுத்தச் சொன்னதில்லை. யாரும் யாருக்காகவும் நிறுத்தியதாக நினைத்ததும் இல்லை. அது மேளக்காரர்கள் இளைப்பாறுகிற இடம், அவ்வளவுதான்.

இந்த வருஷம் அந்த இளைப்பாறலுக்கு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர், "மசூதி வாசல்ல மேளம் நிக்கணும், அது எங்க உரிமை" என்று தட்டி எழுதிக் கட்டினார்கள். இந்தப் பக்கத்தில் என் அண்ணன் முதலானவர்கள், "உரிமைன்னு சொன்னப்புறம் நிறுத்தவே மாட்டோம்" என்றார்கள். தவில்காரர் பாவம், "எனக்கு மூச்சு வாங்குமே தம்பி" என்று கேட்டாராம். அவர் மூச்சைப் பற்றி யாருக்குக் கவலை? அடிக்கச் சொன்னார்கள், அடித்தார். அந்தப் பக்கமிருந்து ஒரு கல் வந்தது. இந்தப் பக்கமிருந்து இரண்டு போயிற்று. அப்புறம் கோலி சோடா பாட்டில்கள் பறந்தன.

நான் டுடோரியலிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன். பாட்டில் ஒன்று என் காலருகே வெடித்து, கெண்டைக்காலில் ஒரு துண்டு ஏறியது. எந்தப் பக்கத்துப் பாட்டில் என்று இன்றுவரை என்னைக் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே சோடாக் கடையில் வாங்கியது என்பதுதான் எனக்குத் தெரிந்த உண்மை.

அம்மா கண்ணாடியைப் பிடுங்கிவிட்டு, அம்மன் கோயில் புற்றுமண்ணை மஞ்சளோடு குழைத்துக் காயத்தில் அப்பினாள். எங்கள் தெருவில் யாருக்கு அடிபட்டாலும் அதுதான் மருந்து. காயமும் சமர்த்தாக மூடிக்கொண்டது. அடுத்த வாரம் இட்லியைக் கடிக்கும்போது தாடை பிடித்தது. கடைவாய்ப் பல் முளைக்கிறது என்று நினைத்தேன். "சங்கத்துல பேசிப் பேசித் தாடை தேஞ்சிருக்கும்" என்றான் அண்ணன். சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தெரு முனை டாக்டர் ஒரு கரண்டியை என் வாய்க்குள் நுழைக்கப் பார்த்தார், பல் அதைக் கவ்விக்கொண்டது. அவர் முகம் மாறிவிட்டது. "ரண ஜன்னி. வண்டி வச்சி உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, குலுங்காம போங்க" என்றார். காஞ்சிபுரம் ரோட்டில் குலுங்காமல் எப்படிப் போவது என்று அவர் சொல்லவில்லை.

ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ், என்றால் என்ன என்று நான் இப்போது ஒரு பரீட்சையே எழுதலாம். மண்ணிலும் சாணத்திலும் ஒரு கிருமி தூங்குகிறது. காயத்துக்குள் காற்றுப் படாத இடம் கிடைத்தால் விழித்துக்கொண்டு விஷம் கக்குகிறது. விஷம் நரம்பில் ஏறுகிறது. அப்புறம் உடம்பிலுள்ள தசையெல்லாம் முறுக்கிக்கொள்ள ஒரு சாக்குத் தேடுகிறது. வெளிச்சம் பட்டால் முறுக்கும். கட்டிலை யாராவது இடித்தால் முறுக்கும். எல்லாவற்றையும்விடச் சத்தம். ஒரு தம்ளர் விழுந்தால் போதும், முதுகு வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் பட, நடு உடம்பு எழும்பி நிற்கும். மார்பும் இறுகினால் மூச்சு நின்றுவிடும். இதில் கொடுமை என்னவென்றால் அறிவு மட்டும் கொஞ்சமும் மங்காது. எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

அதற்காகத்தான் இருட்டறை. கட்டடத்தின் பின்மூலையில், ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டி, இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். ஒன்றில் நான். மற்றதில் எனக்கு முந்தின நாளே வந்து சேர்ந்திருந்த காதர் பாய்.

பாயை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பஸ் ஸ்டாண்டு ஜட்கா ஸ்டாண்டில் அவர் வண்டிதான் முதல் வண்டி. கலாட்டா அன்று அவர் எந்தப் பக்கமும் இல்லை. மிரண்டுபோன தன் குதிரை ராணியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்திலிருந்து வெளியேறப் பார்த்தவர், செருப்பில்லாத காலால் கண்ணாடியை மிதித்துவிட்டார். நேரே லாயத்துக்குப் போய், லத்தியிலும் மூத்திரத்திலும் நின்றபடியே ராணிக்கு உடம்பெல்லாம் தேய்த்துத் தண்ணீர் காட்டி, அப்புறம்தான் தன் காலைப் பார்த்திருக்கிறார்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் இருவரின் கதையையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. சத்தம் வரும் என்பதால் அடித்துக்கொள்ளவில்லை. "ஒருத்தன் காயத்துல மண்ணை அப்பிக்கிட்டு வர்றான், ஒருத்தர் குதிரைச் சாணத்துல நின்னுட்டு வர்றார். நான் இங்க எதுக்கு?" என்று சிஸ்டரிடம் கேட்டார். அம்மா மூலையில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் அழுதால் சத்தம் வருமே என்று அழாமல் நின்றதுதான் பார்க்க முடியவில்லை.

இதற்கு ஊசி மருந்து ஒன்று உண்டு. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தம் எதிர்ப்புச் சக்தி பெற்றதும், அந்த ரத்தத்திலிருந்து தெளிவை இறுத்து எடுப்பது. தோலில் ஒரு பொட்டு போட்டுப் பார்த்து, தடிக்கவில்லை என்றால் முழுதும் ஏற்றுவார்கள். பார்க்க வந்த ஒரு பெரியவர் வாசலில் நின்று, "எல்லாருக்கும் ஓடறது ஒரே ரத்தம்தானே" என்று உபதேசம் பண்ணினார். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் இருவரையும் பிழைக்கவைக்க ஓடியது குதிரை ரத்தம். குதிரை மருந்து என்று சிஸ்டர் பாய்க்குச் சொன்னபோது அவர் பூட்டிய பல்லிடுக்கில், "நம்ம ராணியா இருந்தா கேட்டுட்டுக் குடுத்திருக்கும்" என்றார். சிரித்தால் முறுக்கும். சிரிக்காமல் இருக்க நாங்கள் பட்ட பாட்டை எழுத முடியாது.

பாயின் மனைவி பெயர் ஜமீலா. அவரும் அம்மாவும் ஆளுக்கொரு கட்டில் பக்கம் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் பேச்சே இல்லை. பேசவும் கூடாது, அது வசதியாகப் போயிற்று. இரண்டு பேர் கையிலும் கண்ணாடி வளையல். எங்களுக்குத் தூக்கிப்போடுவது பாதி அந்த வளையல் சத்தத்தால்தான் என்று சிஸ்டர் கண்டுபிடித்தார். இருவரையும் வெளியே கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார். அம்மா மாட்டேன் என்றாள். வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போது கை மூளியாக எப்படி உட்காருவாள்? ஜமீலாம்மா அதற்கு மேல். அவர் வீட்டுக்காரர் உள்ளே முறுக்கிக்கொண்டு கிடக்கும்போது வளையலைக் கழற்றுவதா, அதைவிடத் தன் கையையே வெட்டிக்கொள்ளலாம் என்றாராம்.

சிஸ்டர் முறைத்துக்கொண்டு நின்றாராம். அம்மா மடியிலிருந்து கழிவுப் பட்டு நூல் உருண்டையை எடுத்திருக்கிறாள். தறிக்காரர் வீட்டுப் பெண்கள் மடியில் அது எப்போதும் இருக்கும். ஜமீலாம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வளையல்களை ஒன்றாகச் சேர்த்து, இடுக்கு விடாமல் நூலைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். அப்புறம் அவர் அம்மாவுக்குச் சுற்றினார். அம்மாவின் மெட்டிக்கும் சுற்றினார்கள், அது தரையில் டக் டக்கென்று அடிக்கும். அரக்குச் சிவப்பு நூல். இரண்டு பேரும் மணிக்கட்டில் பஞ்சு மூட்டை கட்டிக்கொண்ட மாதிரி உள்ளே வந்தார்கள். அதிலிருந்து பேச்சு ஆரம்பித்தது, வெறும் உதட்டசைவில். எங்கள் மூக்குக் குழாய் வழியாகப் போகும் கஞ்சியை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருவர் வடித்துக் கொண்டுவந்தார், ஒரு நாள் அம்மா, ஒரு நாள் ஜமீலாம்மா. என் வயிற்றுக்கு எந்தக் கஞ்சி எந்த வீட்டுக் கஞ்சி என்று தெரியவில்லை.

எனக்கு ஜன்னி மெல்ல இறங்கிக்கொண்டு வந்தது. தாடை ஒரு விரல் நுழையும் அளவு திறந்தது. பாய்க்கு இறங்கவில்லை. காயம் ஆழம், வயசும் கூட. இன்னும் ஒரு வாரம் தூக்கிப்போடாமல் பார்த்துக்கொண்டால் ஆள் பிழைப்பார், இடையில் பெரிதாக ஒன்று வந்தால் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அந்த வாரத்தில்தான் சமாதானக் கமிட்டி தன் அறிவைக் காட்டியது. இரண்டு பக்கப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து காபி சாப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். கலாட்டாவில் பாதியில் நின்ற அம்மன் ஊர்வலத்தை முழு மேளத்தோடு நடத்திக்கொள்ளலாம். ஆனால் மசூதித் தெரு வேண்டாம், சுற்றிப் போகட்டும். யார் மானமும் போகவில்லை, எல்லாருக்கும் திருப்தி. சுற்றிப் போகிற வழி எது? எங்கள் அறையின் பின்சுவரை ஒட்டிய சந்து. என் தலைக்கும் தவிலுக்கும் நடுவே ஒரு செங்கல் கனம்.

அண்ணன் இதைச் சந்தோஷமாகத்தான் வந்து சொன்னான். நான் பல்லிடுக்கில் பேசினேன். அப்படிப் பேசினால் எதைச் சொன்னாலும் கோபமாகத்தான் கேட்கும், அன்று நிஜமாகவே கோபம். சந்தில் மேளம் நிற்க வேண்டும் என்றேன். அவன் வெளியே போய்விட்டான். அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"நிறுத்த மாட்டேன்னு சொல்லித்தானேம்மா இத்தினி கலாட்டா. இப்ப நானே போயி நிறுத்துங்கன்னா என் மூஞ்சி இன்னாவறது?"

"உன் மூஞ்சி கெடக்குது. உள்ள ரெண்டு மூஞ்சி கெடக்குதே, அதப் பாரு."

ஊர்வலத்தன்று சாயங்காலம் சிஸ்டர் எங்கள் காதுகளில் பஞ்சு அடைத்தார். பாய்க்குக் கூடுதலாக மயக்க மருந்து கொடுத்தார்கள். ஜமீலாம்மா அவர் காதுகள் மேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, தொடாமல் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேளம் தூரத்தில் கேட்டது. கிட்டே வந்தது. நான் போர்வையைக் கவ்விக்கொண்டேன். சந்து முனையில் நாயனம் உருப்படியை முடித்தது. பிறகு தவில் இல்லை.

செருப்பில்லாத கால்கள் நிறைய நடக்கிற சத்தம் மட்டும் சுவரை ஒட்டிப் போயிற்று. பெட்ரோமாக்ஸ் விளக்கு இரைகிறது கேட்டது. யாரோ இருமலை அடக்கினார்கள். அம்மன் எங்கள் தலைமாட்டைத் தாண்டிப் போனாள். அம்மா இருட்டில் கும்பிட்டாள்.

சற்று நேரத்தில் அண்ணன் பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை, வெறுங்கால். இரண்டு கட்டிலுக்கும் நடுவே வந்து நின்று என்னைப் பார்த்தான். அந்தப் பக்கம் திரும்பி, பாய்க்கும் தலையை ஆட்டினான். பாய் கண்ணைத் திறந்து பார்த்தார்.

அப்போது சந்தின் அந்தக் கோடியில், தடை தாண்டிவிட்டது என்ற குஷியில், எவனோ ஓர் அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் போட்டான்.

எனக்கும் இழுத்தது, ஆனால் சின்னது. பாய் அப்படியே எழும்பினார். முதுகிலிருந்து ஒரு சொடக்குச் சத்தம் வந்தது. முகம் ஊதாவானது. மூச்சு இல்லை. அண்ணன் "சிஸ்டர்" என்று கத்துவதற்கு வாயைத் திறந்தவன், சட்டென்று தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டான். பொத்திக்கொண்டே ஓடினான். மாலை அறுந்து வழியெல்லாம் பூ. எங்கள் தெருவில் எல்லாரையும்விடக் கனத்த குரல் அவனுடையது. தாழ்வாரம் முழுக்க ஒரு சத்தம் போடாமல் ஓடி, டாக்டரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

பாய் பிழைத்தார். அன்று பிழைத்தார் என்று சொல்ல முடியாது, அடுத்த சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழைத்தார். முறுக்கிய வேகத்தில் முதுகெலும்பில் ஓர் எலும்பு நசுங்கிவிட்டது. பலகை மேல் படுக்க வேண்டும், பல மாதங்களுக்கு ஜட்கா ஓட்டக்கூடாது. அத்தனை பேர் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டு நடந்த ஊர்வலத்தில், ஒருவனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. அவன் யார் என்று தெரியாது. தெரிந்தால் அவனைக் கூட்டிவந்து அந்தக் கட்டில் பக்கத்தில் அரைமணி உட்காரவைப்பேன், வேறொன்றும் செய்ய மாட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் அண்ணனைக் கேட்டேன். "எனக்காகத்தானே மேளத்த நிறுத்தினே? உள்ள பாய் மட்டும் இருந்திருந்தா?"

அவன் வண்டிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கமிட்டியில 'என் தம்பி'ன்னுதான் சொன்னேன்டா. பாய் பேர எடுக்கல. எடுத்திருந்தா நிறுத்தியிருப்பானுங்களான்னு எனக்கே தெரியல. கேக்காத."

எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. ஆனால் அவன் ஓடியது பாய்க்காகத்தான். அதையும் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.

இப்போது என் யோசனைக்கு வருகிறேன். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் டாக்டரம்மாவிடம் போனேன். தெருவுக்கே வந்து தடுப்பூசி போடச் சம்மதித்துவிட்டார், முதல் ஊசி இப்போது, அடுத்தது பின்னால். "அடிச்சிக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் வரச் சொல்லு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். இந்தத் தடவை சங்கத்துக்குப் பெயர் வைக்கவில்லை, பெயர் வைத்தால் நின்றுவிடுகிறது.

அதற்குள் எத்தனை தகராறு! ஊசி கோயில் மண்டபத்தில் போட வேண்டும் என்று இவர்கள், மதரஸாவில் போட வேண்டும் என்று அவர்கள். ஜட்கா ஸ்டாண்டில் போடலாம் என்று முடித்தேன். இந்த மருந்தில் என்ன மிருகம் இருக்கிறது என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்து கேட்டார்கள். தடுப்பூசியில் மிருகமே கிடையாது, குதிரை மருந்து வியாதி வந்தவனுக்குத்தான் என்று தொண்டை வற்றச் சொன்னேன். முதல் ஊசி யாருக்கு என்று கேட்டார்கள். மசூதியை நிர்வகிக்கிற முத்தவல்லி, "முதல்ல அந்தத் தவில்காரருக்குப் போடுங்க, பாவம்" என்றார். இந்த ஊரில் நான் கேட்ட புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான்.

கடைசியாகத் தமுக்கு. ஊருக்கு அறிவிக்கத் தமுக்கு அடிக்க வேண்டும். மசூதி வாசலில் அடிக்கலாமா? அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அண்ணனைப் பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்தா? பாய் வீட்டுக்குப் போய் அவர் பலகைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் புலம்பினோம். ஜமீலாம்மா டீ கொடுத்தார். வளையலில் சுற்றிய சிவப்பு நூலை இன்னும் அவிழ்க்கவில்லை. பாய் முழுசாக எழுந்து நடக்கட்டும், அப்புறம் அவிழ்க்கலாம் என்கிறார்.

பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தமுக்கு இன்னாத்துக்குபா? வண்டில மெத்தையப் போட்டு என்னைப் படுக்க வையி. டாக்டரம்மாவாண்ட கேட்டுக்கோ, மெதுவா போனா ஒண்ணும் ஆவாது. ஒங்க அண்ணன் ராணியக் கையில புடிச்சிக்கினு நடக்கட்டும். நான் கூப்புடறேன்." பிறகு வெற்றிலைக் காவிப் பற்களெல்லாம் தெரிய வாயை அகலமாகத் திறந்து காட்டினார். "எத்தினி நாளு பூட்டிக்கினு கெடந்துது இது."

டாக்டரம்மா ஒரு மணி நேரம் மட்டும் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை புறப்படுகிறோம். ராணி அண்ணன் சொல் கேட்குமா என்று இரண்டு நாளாகப் பழக்கிப் பார்க்கிறான். இதுவரை கேட்கவில்லை. மசூதித் தெருவில் ஆரம்பிப்பதா கோயில் தெருவில் ஆரம்பிப்பதா என்பதில் மட்டும் சின்னத் தகராறு பாக்கி இருக்கிறது. ராணி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன்.